வெள்ளத்துக்குப் பிறகு அளவுகோல் 90 காட்டுகிறது, ஆறு 110 போல ஓடுகிறது. தவறு எங்கே?

கோரைப்புல்:
வணக்கம். நாங்கள் ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் பாலத்தடியில் ஆற்று நீர்மட்டத்தை செ.மீ.யில் காட்டும் அளவுகோலைப் படித்து எண்ணைக் குழுவில் போடுகிறோம். கயாக், ராஃப்ட் படகு எடுத்துப் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். அளவுகோலுக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய்க்குள் ஓர் அழுத்த சென்சாரும் இருக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு எண் அனுப்பும். முன்பெல்லாம் இரண்டுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வராது.

போன மாத வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு சிக்கல். ஒன்று, அளவுகோல் நாள் கணக்கில் 90-லேயே நிற்க, சென்சார் ஒரு நாள் 97 என்கிறது, ஒரு நாள் 84 என்கிறது. இரண்டு, ஞாயிற்றுக்கிழமை நான்தான் 90 என்று போட்டேன். 90 என்றால் எங்கள் கணக்கில் புதியவர்களுக்கும் ஏற்ற தண்ணீர். போனவர்கள் திரும்பி வந்து, "இது 90 இல்லை, 110 தள்ளுகிற தள்ளு" என்றார்கள். இரண்டு பேர் கவிழ்ந்து நீந்திக் கரையேறினார்கள். அடி எதுவும் இல்லை, ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. எதை நம்புவது?

துடுப்பு_தேய்ந்தவன்:
முதலில் சின்னச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். சென்சாரின் நேரம் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா? எங்கள் குழுவில் அதைக் கவனிக்காமல் பல மணி நேரம் பழைய எண்ணை "இப்போதைய மட்டம்" என்று போட்டுக்கொண்டிருந்தோம்.

கோரைப்புல்:
உள்ளூர் நேரம்தான், சரிபார்த்துவிட்டேன்.

மணல்திட்டு:
சென்சார் எந்த நாளில் கூட்டிக் காட்டுகிறது, எந்த நாளில் குறைத்துக் காட்டுகிறது? வானிலையோடு வைத்துப் பாருங்கள்.

கோரைப்புல்:
பார்த்தேன். அட, ஆமாம்! நல்ல வெயில் நாட்களில் 95, 97. மேகம் கவிந்து மழை பெய்த நாளில்தான் 84.

மணல்திட்டு:
அப்படியென்றால் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. சென்சார் மேலே இருக்கிற தண்ணீரின் எடையை மட்டும் உணர்வதில்லை, அதற்கும் மேலே இருக்கிற காற்றின் எடையையும் சேர்த்தே உணரும். அந்தக் காற்றைக் கழிக்கத்தான் கேபிளுக்குள் மெல்லிய குழாய் ஒன்று மேலே பெட்டி வரைக்கும் வருகிறது. அது அடைத்துக்கொண்டால் காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் தண்ணீர்க் கணக்கில் ஏறிவிடும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) மாறினால் நீர்மட்டத்தில் கிட்டத்தட்ட 1 செ.மீ. உங்கள் 13 செ.மீ. அதிலேயே அடங்கிவிடும்.

இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், மழை கொண்டுவரும் தாழ்வழுத்தத்தின்போது, அதாவது ஆறு ஏறப்போகிற நேரம் பார்த்து, இது குறைத்துக் காட்டும். பெட்டியைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே வைத்த சிலிக்கா ஜெல் மணிகளைப் பாருங்கள். சரிசெய்யும் வரை சென்சார் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஓடைக்கல்:
அது சென்சார் கதை. கவிழ்ந்தவர்கள் போனது அளவுகோல் எண்ணை நம்பி, அது வேறு கதை. வெள்ளத்தில் அளவுகோல் நகர்ந்ததா என்று முதலில் பாருங்கள். பாலத்துச் சுவரில் நிலையான புள்ளி ஏதாவது குறித்து வைத்திருக்கிறீர்களா?

கோரைப்புல்:
இருக்கிறது. ஆணி அடித்து சிவப்புப் பெயின்ட் வைத்திருக்கிறோம். அங்கிருந்து தண்ணீர் வரை டேப் விட்டு, அதோடு அளவுகோல் எண்ணைக் கூட்டினால் எப்போதும் 6.42 மீ. வரும். இன்று டேப் 5.52, அளவுகோல் 0.90. அதே 6.42.

ஓடைக்கல்:
அப்போது அளவுகோல் அசையவில்லை, மாறியது ஆற்றின் தரை. வெள்ளம் பாலத்தடி மணலை அரித்துப் பள்ளம் பறித்திருக்கும். பள்ளம் ஆழமானால் அதே 90 மட்டத்தில் முன்பைவிட நிறையத் தண்ணீர் போகும். 90 என்பது அந்த ஓரிடத்து உயரம், அவ்வளவுதான். அந்த உயரத்துக்கு வினாடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் என்ற உங்கள் பழைய அட்டவணை வெள்ளத்தோடு போய்விட்டது.

துடுப்பு_தேய்ந்தவன்:
எதற்கு இவ்வளவு சுற்று? எண்ணோடு 20 கூட்டிப் போட்டால் முடிந்தது.

ஓடைக்கல்:
கூட்டக் கூடாது தோழரே. தண்ணீர் குறைவாக இருக்கும்போது பள்ளத்தின் பாதிப்பு பெரிதாகத் தெரியும், ஆறு நிரம்ப நிரம்பக் குறையும். ஒரே 20 எல்லா மட்டத்துக்கும் பொருந்தாது. அப்புறம், கூட்டின எண்ணை இன்னொருவர் அளவுகோலில் போய்ப் பார்த்து, "தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்று மறுபடி திருத்துவார்!

கோரைப்புல், மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்கிற நாளில் நீங்களே அளந்துவிடலாம். தண்ணீரில் இறங்க வேண்டாம். பாலத்திலிருந்து கயிற்றில் குண்டு கட்டி மீட்டருக்கு ஒரு முறை ஆழம் பாருங்கள். பிறகு 20 மீ. தூரம் குறித்து முழு ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விடுங்கள். அது தண்ணீருக்குள் பெரும்பாலும் அமிழ்ந்தே போகும், காற்று தள்ளாது. நடுவிலும் இரு பக்கமும் சில தடவை விட்டு சராசரி எடுங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஓரளவுக்குக் கிடைக்கும்.

கோரைப்புல்:
செய்தாயிற்று. அகலம் 14 மீ., சராசரி ஆழம் 0.8 மீ. பழம் 20 மீ.ஐ சராசரியாக 16 வினாடியில் கடந்தது. வினாடிக்கு ஏறக்குறைய 11.9 கன மீட்டர், அதாவது 420 கன அடி. எங்கள் பழைய அட்டவணையில் 90-க்கு 300 கன அடிதான். 420 எதற்கு என்று தேடினால், 110-க்கு!

மணல்திட்டு:
கவிழ்ந்தவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. படகுக்காரனின் இடுப்பும் ஒரு கருவிதான். பெட்டி என்ன ஆயிற்று?

கோரைப்புல்:
திறந்தேன். வெள்ளத்தில் முழுக்க மூழ்கியிருக்கிறது. நீலமாக இருக்க வேண்டிய மணிகள் வெளிறிய ரோஜா நிறத்தில் கிடந்தன, குழாய் வாயில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. சுத்தம் செய்து, புது மணி போட்டு, பெட்டியை மூன்று மீட்டர் மேலே ஏற்றிவிட்டேன். மூன்று நாளாக அளவுகோலோடு 1 செ.மீ.க்குள் ஒத்துப்போகிறது.

குழுவில் இப்போது கூட்டல் கழித்தல் இல்லாமல் அளவுகோலில் உள்ளதை உள்ளபடி, நேரத்தோடும் படத்தோடும் போடுகிறோம். கீழே ஒரே வரி: "வெள்ளத்துக்குப் பின் தரை மாறியுள்ளது, இன்றைய 90 பழைய 110-க்குச் சமம், மற்ற மட்டங்கள் இன்னும் அளக்கப்படவில்லை." புதியவர்களுக்கு 90 வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிட்டோம்.

வியாழன் மழை என்கிறார்கள். மட்டம் 130 பக்கம் ஏறி நின்றால் மறுபடி பாலத்துக்குப் போகிறேன். ஆரஞ்சு கைவசம் ஆறு இருக்கிறது.