ராமநாதபுரத்தில் மிளகாய்ப்பொடி யூனிட்: பி.எம்.இ.ஜி.பி. மானியம் 25 சதவீதமா, 35 சதவீதமா?

முண்டுவத்தல்:
பரமக்குடி பக்கத்தில் கிராமம். முண்டு மிளகாய் வாங்கி அரைத்து பாக்கெட் போடத் திட்டம். இடம் சொந்தம். ஷெட், அரவை மெஷின், பேக்கிங் மெஷின் 8 லட்சம். சரக்கு வாங்க 4 லட்சம். பொதுப் பிரிவு, ஆண், பத்தாவது பாஸ். பி.எம்.இ.ஜி.பி.யில் (புதுத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு பேங்க் கடன் கிடைக்கும் திட்டம்) மானியம் 25 சதவீதம்தான், கையிலிருந்து 1.2 லட்சம் போடணும் என்கிறார் விண்ணப்பம் எழுதித் தருபவர். சரியா? மானியம் எப்போது கைக்கு வரும்?

கணக்கப்பிள்ளை:
மற்ற மாவட்டக் கிராமம் என்றால் அவர் சொன்னது சரி. ஆனால் தமிழ்நாட்டில் ராமநாதபுரமும் விருதுநகரும் மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' (வளர்ச்சியில் பின்தங்கியவை) பட்டியலில் இருப்பவை. 2022 வழிகாட்டுதலின்படி அங்கே பொதுப் பிரிவுக்காரருக்கும் சிறப்புப் பிரிவு (எஸ்.சி., எஸ்.டி., பெண்கள் போன்றோர்) கணக்குதான். உங்கள் 12 லட்சத்தில் சொந்தப் பங்கு 5% (60,000), பேங்க் கடன் 11.4 லட்சம், மானியம் 35%, அதாவது 4.2 லட்சம். ஷெட் ஊராட்சி எல்லைக்குள் இருந்தால்தான் இது. பரமக்குடி நகராட்சிக்குள் வந்தால் 25% ஆகிவிடும். அதனால் கிராமப்புறச் சான்றிதழை முதலில் வாங்கி வையுங்கள். இடத்தின் மதிப்பைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது, ஷெட் செலவைச் சேர்க்கலாம்.

மானியம் கைக்கு வராது, யாருக்குமே. 3 வருடம் உங்கள் பேரில் டெபாசிட்டாகப் பேங்கிலேயே கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது. கடனில் அதே 4.2 லட்சத்துக்கும் வட்டி போடக் கூடாது. முழு 11.4 லட்சத்துக்கும் வட்டி போட்டுவிடும் கிளைகள் உண்டு. ஸ்டேட்மென்ட்டை மாதாமாதம் பாருங்கள். 3 வருடம் முடிந்து, யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். அதற்குள் கடனை அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், மானியம் திரும்பிப் போய்விடும்.

செக்கடி:
மிளகாய்த் தொழிலில் பலர் கோட்டை விடுவது நடைமுறை மூலதனத்தில், அதாவது சரக்கு வாங்கும் பணத்தில். சரக்குக்கான சி.சி. லிமிட்டை (வேண்டும்போது எடுத்துத் திரும்பக் கட்டும் பேங்க் கடன் வரம்பு) அந்த 3 வருடத்துக்குள் ஒரு தடவையாவது முழுசாகத் தொட்டிருக்கணும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இல்லாவிட்டால் அந்த விகிதத்துக்கு மானியத்தைத் திரும்ப எடுப்பார்கள். வத்தல் வரத்து மாசி முதல் சித்திரை வரை. கடன் ஆடியில் கிடைத்தால் லிமிட் சும்மா கிடக்கும், குடோன் சரக்கை ஏறிய விலைக்கு வாங்கணும். ஆகவே விண்ணப்பத்தை ஐப்பசிக்குள் போட்டுவிடுங்கள். திட்டச் செலவு 5 லட்சத்துக்கு மேல் என்பதால் 10 நாள் தொழில்முனைவோர் பயிற்சி உண்டு. அதை முடிக்காமல் மானியம் கேட்க முடியாது. திட்டத்துக்கு 2025-26 வரைதான் ஒப்புதல் தந்திருந்தார்கள், போடும்முன் நீட்டிப்பு நிலவரத்தைப் போர்ட்டலில் பாருங்கள்.

முண்டுவத்தல்:
நன்றி அண்ணே. மாநில அரசின் வேலையில்லா இளைஞர் கடன் திட்டமான யு.ஒய்.இ.ஜி.பி.யில் மனைவி பேரில் இன்னொன்று போடலாமா? சிறு உணவுத் தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டம் பி.எம்.எஃப்.எம்.இ. நல்லது என்றும் சொல்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை:
ஒரே யூனிட்டுக்கு இரண்டு மானியம் கிடையாது. பி.எம்.இ.ஜி.பி.யும் கணவன், மனைவி சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். யு.ஒய்.இ.ஜி.பி. 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம், உங்கள் 12 லட்சத்துக்கு 3 லட்சம்தான் தேறும். பி.எம்.எஃப்.எம்.இ. 35 சதவீதம்தான், ஆனால் சொந்தப் பங்கு 10%, சரக்குப் பணத்துக்கு மானியம் வராது. ஏற்கெனவே ஓடும் மில்லை விரிவாக்க அது நல்லது. புது யூனிட்டுக்கு, அதுவும் உங்கள் மாவட்டத்தில், பி.எம்.இ.ஜி.பி.யே போடுங்கள்.