5 மி.மீ. வி.எஸ்.டி.: ஒரு குழந்தைக்குக் காத்திருப்பு, இன்னொன்றுக்கு ஆபரேஷன். ஏன்?

கேள்வி:
இரண்டு குழந்தைகளின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டிலும் இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் 5 மி.மீ. ஓட்டை (வி.எஸ்.டி.). ஒன்றில் ‘மஸ்குலர்’, மற்றதில் ‘சப்ஆர்டீரியல்’. முதல் குழந்தை ஆறு மாதம் கழித்து வந்தால் போதுமாம். அடுத்ததற்கு ஆபரேஷன் பேச்சு. அளவு ஒன்றுதானே?

பதில் – எக்கோ_மேசை:
ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். மஸ்குலர், அதாவது சுவரின் தசைப் பகுதியில் இருந்தால் சுற்றியுள்ள தசை வளர வளர ஓட்டை சுருங்கும். சின்னவை பல, முதல் இரண்டு வருடத்துக்குள் தானாக மூடிவிடும். அதிகம் பார்ப்பது சவ்வை ஒட்டிய பெரிமெம்பிரனஸ். அதில் மூவிதழ் வால்வின் திசு ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கப் பார்க்கும், சிலவற்றில் முழுதாகவே அடைத்துவிடும்.

சப்ஆர்டீரியல், இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருங்குழாய்களின் (மகாதமனி, நுரையீரல் தமனி) வால்வுகளுக்கும் நேர் அடியில் இருப்பது. ஜப்பான், சீனாவில் இது கூடுதல். தானாக மூடாது. அடுத்த எக்கோவில் சிறுத்ததாகத் தெரிந்தாலும் நம்பிவிட வேண்டாம்: மகாதமனி வால்வின் இதழ் ஓட்டைக்குள் சரிந்து மறைத்துக்கொண்டிருக்கலாம். இதழ் நீண்டுபோனால் வால்வு கசியும், பிறகு அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டிவரும். அவசரம் அதனால்தான்.

பதில் – வார்டு_குறிப்பு:
சரி, ஆனால் அளவையும் ஒதுக்க முடியாது. 5 மி.மீ. என்பது கைக்குழந்தைக்குப் பெரிது, பத்து வயதில் சிறிது. ஓட்டையின் அளவு மகாதமனி வளையத்தின் (அந்த வால்வு பொருந்தியிருக்கும் வாய்) விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் சிறியது, மூன்றில் இரண்டைத் தாண்டினால் பெரியது.

பெரிய ஓட்டை முதல் வாரத்தில் சத்தமே காட்டாது, நுரையீரல் அழுத்தம் இன்னும் இறங்கியிருக்காது. 4–6 வாரத்தில்தான் மூச்சிரைப்பு, பால் குடிக்கையில் நெற்றி வியர்ப்பது, எடை ஏறாதது எல்லாம் தெரியும். முணுமுணுப்பு (ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இரைச்சல்) பலமாகக் கேட்டால் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் சின்ன ஓட்டைதான் அதிகம் இரையும்.

பதில் – தையல்_மேசை:
மூடும் முறையும் இடத்தைப் பொறுத்ததே. மஸ்குலருக்குத் தொடை இரத்தக்குழாய் வழியாக டிவைஸ் (ஓட்டையை அடைக்கும் கருவி) வைக்கலாம். சப்ஆர்டீரியலுக்கு வழக்கமாக நெஞ்சைத் திறந்து பேட்ச் (ஒட்டு) தைப்பார்கள். பெரிமெம்பிரனஸில் கீழ்ப்பின் விளிம்பை ஒட்டி மின்கடத்தும் நார்க்கற்றை ஓடுகிறது; தையலோ டிவைஸோ அதை நசுக்கினால் ஹார்ட் பிளாக் (இதயத் துடிப்புக்கான மின்சமிக்ஞை தடைபடுவது), பேஸ்மேக்கர் வரை போகும்.

கேள்வி கேட்டவர்:
அடுத்த ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்க்க?

பதில் – எக்கோ_மேசை:
சப்ஆர்டீரியல் என்றால் முதலில் ‘ஏ.ஆர்.’ (மகாதமனி வால்வுக் கசிவு), ‘கஸ்ப் ப்ரொலாப்ஸ்’ (இதழ் சரிவு). பிறகு இரண்டுக்கும் இடது கீழறை வீங்கியிருக்கிறதா, ஓட்டை வழியான டாப்ளர் கிரேடியண்ட் (இரு கீழறைகளின் அழுத்த வித்தியாசம்) எவ்வளவு என்பது. கிரேடியண்ட் அதிகமாக இருந்தால் வலது பக்க அழுத்தம் ஏறவில்லை என்று அர்த்தம்.