அம்மாவோடு அந்தமான்: எந்தப் படகில் போகலாம்?

வணக்கம். ஜனவரியில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகளோடு அந்தமான் போகிறோம். போர்ட் பிளேரிலிருந்து படகில் ஹேவ்லாக் தீவு, அங்கே இரண்டு இரவு, அப்புறம் நீல் தீவில் ஒரு இரவு. கடல் மோசமானால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால், சென்னை விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் திரும்பிவிடுவோம்.

கவலை அம்மாவைப் பற்றித்தான். பஸ்ஸில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். தனியார் படகு ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் போய்விடும், ஆனால் மூடிய ஏசி அறை. அரசுப் படகு மெதுவாகத்தான் போகும். வயதானவர்களை எதில் கூட்டிப்போனீர்கள்? எந்த இருக்கையில் ஆட்டம் குறைவு? நீலில் இயற்கையாக உருவான பாறைப் பாலத்துக்கு நீர் வற்றும்போதுதான் நடக்க முடியும். முழங்கால் வலியோடு அவரால் முடியுமா? ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க அவருக்கு ரொம்ப ஆசை.