நோடு நடத்துபவருக்கு முதலில் செலவு, பிறகு பங்கு: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டை உறுப்பினர்:

2020 டிசம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில், நாணயத்தை வைப்பாக இட்டவர்களே சரிபார்ப்பு வேலையைச் செய்யும் பீக்கன் செயின் தொடங்கியபோது, நண்பர்கள் ஐந்து பேர் சீட்டு எடுத்த பணத்தைச் சேர்த்து வாங்கியிருந்த 32 ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயம்) வைப்பாக இட்டு, எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு வேலிடேட்டரை, அதாவது பதிவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் நோடை (வலையமைப்பில் இணைந்து இயங்கும் கணினியை), ஓடவிட்டோம். வைப்பைத் திரும்ப எடுக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. பணம் அத்தனை காலம் உள்ளே கிடந்ததை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். மாதந்தோறும் கையைக் கடித்த செலவைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கணினி சராசரியாக 150 வாட் இழுத்தது. ஒரு நாளைக்கு 3.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 216 யூனிட். வீட்டு இணைப்பில் ஏற்கெனவே ஓடும் யூனிட்டுகளின் மேல் இது ஏறுவதால், கூடுதல் யூனிட் ஒவ்வொன்றும் உயர்ந்த கட்டணத்தில் விழுகிறது. ஒரு ஃபைபர் இணைப்பு போதாதென்று இரண்டாவதும் வாங்கினோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து மின்விசிறியின் இறகுகளில் கறுப்புப் பசையாகப் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, பெயின்ட் பிரஷால் அதைச் சுரண்டி எடுப்பேன். யுஎஸ்பி துளைகளின் ஓரத்தில் துரு ஏறியிருக்கும். நோடு நடத்துபவர்களுக்கு நிதி வழங்குவோர் கேட்கும் படிவங்களில் இந்தச் செலவுகளை எழுத ஒரு கட்டம்கூட நான் கண்டதில்லை.

அதே அறையில், பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு சிறிய வலையமைப்புக்காகவும் ஒரு நோடு வைத்திருந்தோம். அவர்கள் மாதம் இத்தனை டோக்கன் (அவர்களின் சொந்த நாணயம்) என்று எண்ணிக்கையை மட்டும் நிர்ணயித்து நிதி தந்தார்கள். முதல் இரண்டு மாதம் அது செலவுக்கு மேலேயே இருந்தது. ஆறாவது மாதத்தில் டோக்கனின் விலை சரிந்து, இணைய இணைப்பின் கட்டணத்துக்கே பற்றவில்லை. எங்கள் நோடு பதிலளித்த கோரிக்கைகளோ முன்பைவிட அதிகமாகியிருந்தன. வேலை கூடிய மாதத்தில் கூலி குறைகிற ஏற்பாடு நெடுநாள் நிற்காது. நாங்கள் அதை நிறுத்திவிட்டோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை. பெங்களூரிலுள்ள நண்பர் ஒருவர், வேலிடேட்டரின் சாவிகளை (அதன் பெயரில் கையெழுத்திட உதவும் இரகசியக் குறியீடுகளை) தம் கணினியில் ஏற்றி இயக்கட்டுமா என்று அக்கறையோடு கேட்டார். நான் மறுத்துவிட்டேன். எத்தீரியத்தில் ஒரு வேலிடேட்டர் சும்மா நின்றுபோனால், அந்த நாட்களில் ஈட்டியிருக்கக்கூடிய தொகைக்கு ஏறக்குறைய ஈடான தொகையே கழியும். ஆனால் இங்கே மின்சாரம் திரும்பி, ஒரே சாவி இரண்டு இடங்களில் கையெழுத்திட்டுவிட்டால், வலையமைப்பு வைப்பிலிருந்தே தண்டம் வெட்டி வேலிடேட்டரை வெளியேற்றிவிடும். நான்கு நாள் நட்டத்தை ஏற்றுக்கொள்வதே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

இத்தனை தொல்லைக்குப் பெரிய கிளவுட் நிறுவனத்தில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துவிடலாமே என்று பலர் சொன்னார்கள். 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் தன் சர்வர்களில் சொலானா என்ற கிரிப்டோ வலையமைப்பின் நோடுகளுக்கு அனுமதியில்லை என்று தடுத்தபோது, ஏறத்தாழ 1,000 வேலிடேட்டர்கள் ஒரே நாளில் நின்றுபோனதை அவர்களுக்கு நினைவூட்டினேன். சொந்தக் கணினியைச் சொந்த இடத்தில் வைத்திருப்பவருக்குக் கூடுதல் நிதி தருவதை யாரும் சலுகையாகக் கருதக்கூடாது. ஒரு வலையமைப்பு தன்னைக் காத்துக்கொள்ளக் கொடுக்கும் விலை அது.

காசிமேடு உறுப்பினர்:

தண்டையார்பேட்டை அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் மாமாவின் விசைப்படகுதான் நினைவுக்கு வந்தது. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும், மாமா முதலில் நோட்டுப் புத்தகத்தைத்தான் திறப்பார். "மொதல்ல டீசலு, ஐஸு, அரிசி. அது போக மிச்சம் இருந்தாத்தான் பங்கு" என்பார். செலவைக் கழிக்காமல் பங்கைப் பேசுகிறவரோடு யாரும் இரண்டாம் முறை கடலுக்குப் போக மாட்டார்கள்.

நான் பார்த்தவற்றில் இந்த முறைக்கு மிக நெருக்கமாக வருவது இன்டர்நெட் கம்ப்யூட்டர் என்ற கிரிப்டோ வலையமைப்பின் ஏற்பாடு. அங்கே நோடு வழங்குநரின் மாத ஊதியத்தை, பன்னாட்டு நிதியத்தின் எக்ஸ்டிஆர் என்ற கணக்கலகில் நிர்ணயித்துவிட்டு, அதற்கு ஈடான ஐசிபி நாணயத்தைப் புதிதாக வெளியிட்டுக் கொடுக்கிறார்கள். நாணயத்தின் விலை இறங்கினால், கொடுக்கப்படும் நாணயங்களின் எண்ணிக்கை ஏறும். நோடு வழங்குநர் ஆவதற்கு நாணயத்தை வைப்பிட்டவர்களின் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற வேண்டும். டேட்டா சென்டரில் இடமும் வேண்டும். ஆகவே நம் மாடியறைக்கு அங்கே இடமில்லை. விலை இறங்கும்போது வெளியிடும் நாணயம் பெருகி, வைத்திருப்பவர் அனைவரின் பங்கும் நீர்த்துப்போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் செலவை முதலில் எண்ணுகிற நேர்மை அதில் இருக்கிறது. பிட்காயினில் முழு நோடு (பதிவேடு முழுவதையும் தானே சரிபார்க்கும் நோடு) நடத்துபவருக்கு வலையமைப்பு எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் அதை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியிலேயே ஓட்டிவிட முடிவதால் அங்கே இந்தக் கேள்வி இவ்வளவு வலிப்பதில்லை.

பெரம்பூர் உறுப்பினர்:

நான் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கிரிப்டோ சொத்தை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் அதில் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தோடு ஈடுகட்டவும் முடியாது. அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. காசிமேட்டு மாமா முதலில் கழிக்கும் டீசலும் ஐஸும் இந்த வரிக் கணக்கில் நுழையவே முடியாது. நிதி கோரும்போது டோக்கனின் சந்தை விலையை அப்படியே வருமானமாக எழுதிவிடாமல், வரி போன பிறகு கையில் நிற்கும் தொகையிலிருந்து மின்கட்டணத்தைக் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

தண்டையார்பேட்டை உறுப்பினர்:

இருவருக்கும் நன்றி. இந்த முறை வேறொரு வலையமைப்பின் பொது நிதிக்கு விண்ணப்பித்தபோது, ஆறு மாத மின்கட்டண ரசீதுகளையும் இரண்டு ஃபைபர் இணைப்புகளின் ரசீதுகளையும் இணைத்து, செலவை ரூபாயில் எழுதி, அதற்கு ஈடான நாணயத்தை அந்தந்த மாத விலையில் தருமாறு கேட்டிருக்கிறேன். பெரம்பூர் நண்பர் சொன்ன 30 சதவீத வரியை அதில் சேர்க்கத் தவறிவிட்டேன். இன்றிரவே திருத்தி அனுப்புகிறேன்.