மறுமொழி: "க்ரிம்ப் டை"க்குத் தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம். சுட்ட தோட்டாவின் கூட்டில் மருந்தும் புதிய குண்டும் நிரப்பிய பின் கூட்டின் வாயை மூடும் கருவிதான் "க்ரிம்ப் டை"; டேப்பர், ரோல் என்று அதில் இரு வகை. அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்ட இழையில் நண்பர் ஒருவர் எழுதியது:

> க்ரிம்ப் டை = இறுக்கு அச்சு. டேப்பர், ரோல் இரண்டுக்கும் முன்னால் "சரிவு", "சுருள்" என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

ஐயா, இந்த "இறுக்கு"தான் எனக்கு இடிக்கிறது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களை மறுநிரப்பத் தொடங்குபவர் செய்யும் முதல் தவறே இறுக்குவதுதான். குண்டு ஆடுகிறதே என்று அச்சை இன்னும் கால் திருகு கீழே இறக்குவார். கூட்டின் பித்தளை, அழுத்தம் விலகியதும் சற்றே மீளும். உள்ளே நசுங்கிய குண்டின் ஈயம் மீளாது. விளைவு, இறுக்க இறுக்கக் குண்டு இளகும். குண்டைப் பிடித்துவைப்பது கூட்டின் சுவர். அந்தப் பிடி, நிரப்பும் வரிசையின் முதல் அச்சில் கூட்டைச் சுருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பெயரிலேயே "இறுக்கு" என்று எழுதிவைத்தால் தவறுக்கு நாமே அழைப்பு வைத்தது போலாகும்.

இரண்டு அச்சுகளும் செய்யும் வேலையே வேறு. 9 மி.மீ. லூகர், .45 ஏசிபி போன்ற தானியங்கித் துப்பாக்கித் தோட்டாக்கள், சுடும் அறைக்குள் தம் வாய் விளிம்பால் முட்டி நிற்பவை. குண்டை வைப்பதற்காக விரித்த வாயைப் பழையபடி படியவைத்தால் போதும்; அது டேப்பர். 9 மி.மீ. தோட்டாவுக்கு வாய் விட்டத்தின் உச்ச அளவு 9.65 மி.மீ.; .45 ஏசிபிக்கு 12.01. நகத்தை வாயோரமாக இழுத்துப் பாருங்கள், விரிவு தட்டுப்படாவிட்டால் வேலை முடிந்தது. அந்த வாயை உள்ளே மடித்துவிட்டால் முட்டுவதற்கு விளிம்பு இல்லை; தோட்டா அறைக்குள் அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

.38 ஸ்பெஷல், .357 மேக்னம், .44 மேக்னம் போன்ற சுழல் துப்பாக்கித் தோட்டாக்கள் அடிவிளிம்பில் நிற்பவை. அவற்றின் வாயைக் குண்டைச் சுற்றி ஓடும் வரிப்பள்ளத்துக்குள் மடிக்கலாம்; அது ரோல். பலத்த உதைப்பு உள்ளவற்றில் மடித்தே ஆக வேண்டும். ஒரு வெடிப்பின் உதைப்பில் மற்ற தோட்டாக்களின் கூடுகள் துப்பாக்கியோடு பின்னே போகும், குண்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அப்படி நான்கைந்து முறை நழுவிய குண்டு, தோட்டாக்கள் இருக்கும் உருளையின் முகப்புக்கு வெளியே மூக்கை நீட்டினால் உருளை சுழலாது. (கூடுகளின் நீளம் சீராக இல்லாவிட்டால் மடிப்பும் சீராக வராது, அது தனிக்கதை.)

ஆக, "மடிப்பு அச்சு" என்று இரண்டுக்கும் பொதுவாகச் சொல்வதும் ஆகாது. அம்மையார் ஒருவர் தந்த "ஒடுக்கு அச்சு" ஓசைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் "ஒடுக்கு விழுந்தது" என்றால் பாத்திரம் நசுங்கியது என்றுதானே பொருள்?

நான் முதலில் "படிவாய் அச்சு", "மடிவாய் அச்சு" என்று எழுதிவைத்தேன். வினைத்தொகை, எதுகை எல்லாம் அமைந்தன. மறுநாள் காலை படித்தபோது துப்பாக்கிக்குப் பக்கத்தில் "மடிவாய்" என்று நின்றது சாபம் போல இருந்தது. திருப்பிப் போட்டுவிட்டேன்:

டேப்பர் க்ரிம்ப் – வாய்படி அச்சு
ரோல் க்ரிம்ப் – வாய்மடி அச்சு

முன்னதில் "ப்" மிக வேண்டுமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும். மிகுந்தால் வாசற்படி நினைவுக்கு வருகிறது என்பதால் நான் விட்டுவிட்டேன். நிரப்பும் வரிசையில் இரண்டாவதாக வந்து வாயை விரிக்கும் அச்சுக்கு ஏற்கெனவே "வாய்விரி அச்சு" என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம், எனவே வரிசையும் பொருந்துகிறது: விரித்ததைப் படியவைப்பது ஒன்று, மடிப்பது மற்றொன்று.

குண்டை இறக்கிக்கொண்டே வாயையும் மூடும் கூட்டு அச்சுக்கு இன்னும் பெயர் தோன்றவில்லை. குண்டு இறங்கி முடிவதற்குள் வாய் மூடத் தொடங்கினால் ஈயத்தைச் சீவி, விளிம்பில் மெல்லிய வளையமாக நிறுத்திவிடும். அதனால் நான் இரண்டையும் தனித்தனி அச்சில்தான் செய்கிறேன். பெயர் வைக்கும் பொறுப்பு அதைப் பயன்படுத்துபவர்களுக்கு.