மங்குக்கு லேசர் செய்துகொள்ளலாமா? முன்பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

கேட்பவர்: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைப் பூசினேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது; நிறுத்திய அடுத்த மாதமே முன்பைவிடக் கருத்துப்போனது. மறுபடி பூசினேன், மறுபடி நிறுத்தினேன். இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின.

சென்ற வாரம் எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் அழகியல் சிகிச்சை நிலையத்தில் விசாரித்தேன். லேசர் டோனிங், அதாவது குறைந்த ஆற்றலில் பலமுறை லேசர் பாய்ச்சுவது, வாரம் ஒன்றாக எட்டு சிட்டிங் தேவைப்படும் என்றும், ஒரு சிட்டிங்குக்கு 4,500 ரூபாய் என்றும், மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டினால் 30,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகவும் சொன்னார்கள். இதைச் சொன்னவர் மருத்துவர் அல்லர். வரவேற்பு மேசையில் இருந்த பெண். மருத்துவர் முதல் சிட்டிங் அன்றுதான் பார்ப்பாராம்.

நான் மாநிறத்தைவிடச் சற்றுக் கறுத்தவள். எங்கள் நிறத்துக்கு லேசர் போட்டால் தோல் வெந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். மங்கை லேசர் நிரந்தரமாகப் போக்குமா, கறுத்த தோலுக்கு அது பாதுகாப்பானதா என்ற இரண்டையும் அனுபவப்பட்டவர்களோ மருத்துவம் அறிந்தவர்களோ தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: வைகைவாசி

சகோதரிக்கு வணக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே லேசர் டோனிங்கை வாரம் ஒருமுறை வீதம் பத்து சிட்டிங் செய்துகொண்டேன். எந்த ஊர், எந்த இடம் என்பதைச் சொல்ல விரும்பவில்லை. வலி அதிகம் இல்லை. ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டாற்போல் இருக்கும். நான்காவது சிட்டிங்குக்குப் பிறகு மங்கு உண்மையாகவே வெளுத்தது. உறவினர் வீட்டுத் திருமணத்தில் எல்லோரும் கேட்டார்கள், எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

பத்து முடிந்து ஐந்து மாதத்தில் மங்கு திரும்பி வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் கன்னத்தில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள் சில தோன்றியிருந்தன, கறுத்த முகத்தில் அவை தனியாகத் தெரிந்தன. செய்த இடத்தில் கேட்டதற்கு, இன்னும் இரண்டு சிட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். நல்லவேளையாக நான் போகவில்லை. புள்ளிகள் மங்க ஒன்றரை ஆண்டு ஆனது. இரண்டு இன்னும் இருக்கின்றன.

பதில்: தோல்நலம்

நான் தோல் மருத்துவர். முகத்தைப் பார்க்காமல் எழுதுவதால், பொதுவான விளக்கத்தை மட்டுமே இங்கே தர முடியும்.

லேசர் என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறித்தாலும் அது ஒரே கருவி அன்று. ஒளியின் அலைநீளமும் அது பாயும் நேரமும் பொருத்தமாக அமைந்தால், சுற்றியுள்ள தோலைச் சுடாமல் இலக்கை மட்டும் சூடாக்கிச் சிதைக்கலாம் என்ற கருத்தை 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இன்றைய தோல் லேசர்கள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தில் நிற்பவை. பிறவியிலேயே வரும் செந்நிற மறுவின் ரத்தக் குழாய்களுக்கு 595 நானோமீட்டர் அலைநீள லேசர், வெண்புள்ளிக்கு 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர், பருத் தழும்புக்குத் தோலிலுள்ள நீர் உறிஞ்சும் 10,600 நானோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஆகவே லேசர் நல்லதா என்று கேட்பது மாத்திரை நல்லதா என்று கேட்பதைப் போன்றது.

உங்கள் தாயாரின் அச்சத்தில் நியாயம் உண்டு. மெலனின் என்ற நிறமியைத் தாக்க வரும் ஒளிக்கு, மங்கில் இருக்கும் மெலனினும் நம் இயல்பான நிறத்தைத் தரும் மெலனினும் ஒன்றுதான். 532 நானோமீட்டர் போன்ற குறுகிய அலைநீளங்களை மேல்தோலே பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால் நம் தோலில் கொப்புளமும் அதன்பின் கருமையும் எளிதில் வந்துவிடும். 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதால் அது ஆழம் வரை செல்கிறது. கறுத்த தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானதும் அதுவே. தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் நம்மில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகையில் வருவோம். அந்த அளவுகோலே 1975இல் வெள்ளைத் தோலுக்கு ஒளிச்சிகிச்சையின் அளவைக் கணிக்கத் தோன்றியது, கறுத்த தோலுக்கான வகைகள் பிறகுதான் சேர்க்கப்பட்டன என்பதையும் நினைவில் கொள்ளலாம். வெளிர்ந்த தோலுக்கு வகுத்த அளவை அப்படியே நம் முகத்தில் வைத்தால் உங்கள் தாயார் அஞ்சுவதுதான் நடக்கும்.

மங்கு என்பது ஒருமுறை படிந்துவிட்ட கறை அன்று. நிறமியை உற்பத்தி செய்யும் செல்கள் வெயில், ஹார்மோன், பரம்பரை ஆகியவற்றால் தூண்டப்பட்டு ஓயாமல் வேலை செய்யும் நிலை அது. லேசர் இருக்கும் நிறமியைச் சிதைக்கும். செல்களின் முடுக்கத்தை அடக்காது. ஒழுகும் கூரையை அடைக்காமல் தரையில் தேங்கிய நீரை மட்டும் இறைப்பது போன்றது அது. நீர் வற்றியதுபோல் தெரியும், அடுத்த மழை வரை. லேசரின் சூடே அந்தச் செல்களை மேலும் முடுக்கிவிட்டு, சிலருக்கு முன்பைவிடக் கருமை கூடுவதும் உண்டு. சகோதரி வைகைவாசி சொன்ன வெள்ளைப் புள்ளிகளும் டோனிங்கின் அறிந்த பின்விளைவே. ஒவ்வொரு முறையும் ஆற்றல் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் குறுகிய இடைவெளியில் பலமுறை செய்யும்போது பாதிப்பு சேர்ந்துகொண்டே போய், ஆங்காங்கே சில நிறமிச் செல்கள் செயலிழந்துவிடுகின்றன. புள்ளி தோன்றியதும் நிறுத்த வேண்டும். அவர் மேலும் இரண்டு சிட்டிங்குக்குப் போகாதது மிகச் சரி.

இதற்கெல்லாம் முன்பாக ஒன்று: உங்களுக்கு இருப்பது மங்குதானா? முகத்துக் கருமை அனைத்தையும் மங்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தலைச்சாயத்திலும் சில குங்குமங்களிலும் உள்ள ரசாயனங்களின் ஒவ்வாமையால் நெற்றியும் கன்ன ஓரங்களும் சாம்பல் நிறமாகக் கருக்கும். சாயத்தை நிறுத்தாமல் எந்த லேசர் போட்டாலும் பயனில்லை. சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கு மூக்கின் மேல் கருமை தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்துக் கருமையோடு கன்னப்பொறியும் கருத்துத் தடித்திருந்தால் சர்க்கரையையும் உடல் எடையையும் கவனிக்க வேண்டியிருக்கும். வரவேற்பு மேசையிலிருந்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

நீங்கள் இரண்டு ஆண்டுகள் பூசியதில் ஸ்டீராய்டு கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த களிம்புகளை நிறமூட்டும் கிரீம் என்று நினைத்து மாதக்கணக்கில் பூசுவோர் நம் நாட்டில் ஏராளம். 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்த பிறகும் விற்பனை நிற்கவில்லை. இக்களிம்புகளால் மெலிந்து சிவந்துபோன தோலின் மேல் லேசர் போடுவது புண்ணின் மேல் சூடு வைப்பதற்கு ஒப்பாகும். முதலில் தோல் தேற வேண்டும்.

மங்குக்கான முதல் சிகிச்சை வெயில் பாதுகாப்பு. அதன் பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் குறித்த வாரங்களுக்கு மட்டும் மூவகை மருந்து சேர்ந்த களிம்பு (மொமெட்டசோனுக்குப் பதிலாக வீரியம் குறைந்த ஸ்டீராய்டு உள்ளது), அல்லது அஸலாயிக் அமிலம். தேவைப்படுவோருக்கு டிரனெக்சாமிக் அமில மாத்திரை, வழக்கமாக 250 மில்லிகிராம் நாளைக்கு இருமுறை. ரத்தம் உறையும் கோளாறு இருந்தவர்களும் கர்ப்பிணிகளும் அதை எடுக்கக் கூடாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது. இவை போதாதபோது துணையாகத்தான் லேசர், அதுவும் காதோரம் சிறு இடத்தில் சோதித்து, ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து, போதிய இடைவெளி விட்டு.

பதில்: கொங்குநாட்டான்

டாக்டர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. எனினும் இந்த இழையைப் படிப்பவர்கள் லேசரே வேண்டாம் என்று ஓடிவிடக் கூடாது என்பதால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். பிறந்ததிலிருந்தே எனக்கு வலது கண்ணைச் சுற்றிக் கன்னம் வரை நீலமும் சாம்பலும் கலந்த பெரிய மறு இருந்தது. பள்ளியில் யாரோ அடித்துக் கன்றிப்போனதாகவே புதிய ஆசிரியர்கள் நினைப்பார்கள். 26 வயதில், அது ஓட்டா மறு என்று ஒரு தோல் மருத்துவர் சொல்லி, மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாயும் 1064 நானோமீட்டர் க்யூ-ஸ்விட்ச் லேசர் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் ஏழு முறை. கண்ணுக்குள் உலோக மூடி வைத்துத்தான் இமையின் மேல் போட்டார்கள். முன்பே கண் மருத்துவரிடம் அனுப்பிக் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொன்னார். இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். என் நிறமும் கறுப்புதான்.

பதில்: தோல்நலம்

தம்பி சொல்வது முற்றிலும் சரி. ஓட்டா மறுவில் நிறமிச் செல்கள் இருக்கக் கூடாத ஆழத்தில் பிறவியிலேயே தங்கிவிட்டவை. அவற்றைச் சிதைத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. அங்கே லேசர்தான் முதன்மைச் சிகிச்சை. அவருக்குப் பயன்பட்ட அதே 1064 நானோமீட்டர் ஒளிதான், அளவு குறைத்து, மங்குக்கு டோனிங் என்ற பெயரில் வருகிறது. கருவி ஒன்றே, நோய் வேறு என்பதால் பலனும் வேறாகிறது. கண் அழுத்தத்தைப் பார்க்கச் சொன்ன மருத்துவரையும் பாராட்ட வேண்டும். ஓட்டா மறு உள்ளவர்களில் சிலருக்குக் கண்ணின் நீர் அழுத்த நோய் வருவதுண்டு.

பதில்: பொருநைக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, எந்த அலைநீளம், லேசரை இயக்குபவர் யார், சோதனை இடம் வைத்துப் பார்ப்பார்களா என்று கேட்டேன். வெளிநாட்டு இயந்திரம், பக்கவிளைவே கிடையாது என்ற பதில்தான் மூன்று கேள்விக்கும் கிடைத்தது. பணம் கட்டவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குத் திங்கட்கிழமை போகவிருக்கிறேன். பழைய களிம்புக் குழாயையும் நான் பூசும் தலைச்சாயத்தின் அட்டைப்பெட்டியையும் எடுத்துப் போகலாமா? சன்ஸ்கிரீன் தினமும் காலையில் பூசுகிறேன், ஆனாலும் பயன் தெரியவில்லை. அடுப்பருகே நிற்பதும் காரணமாக இருக்குமா?

பதில்: தோல்நலம்

இரண்டையும் அவசியம் எடுத்துச் செல்லுங்கள். பாதி நோய் அந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கக்கூடும். சன்ஸ்கிரீனைப் பெரும்பாலோர் பட்டாணி அளவே எடுக்கிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். வெளியில் இருக்கும் நாளில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மங்கைப் புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் போதிய அளவு தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளையருக்கான சாயலில் வாங்கினால் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கும் என்பதால் கையில் தடவிப் பார்த்து எடுங்கள். அடுப்புச் சூடு மங்கைக் கூட்டும் என்றே நானும் கருதுகிறேன். சமையலறையில் வெப்பம் வெளியேற ஒரு விசிறி போட முடிந்தால் போடுங்கள். திங்கட்கிழமை முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள், பவுடர்கூட வேண்டாம்.