உளவியலுக்குள் புள்ளியியல்: நாங்கள் கற்றுக்கொண்ட விதம்

கோவை, எம்.எஸ்சி. உளவியல், தொலைதூரக் கல்வி:

உளவியல் பாடத்திட்டத்தில் புள்ளியியல் ஒரு தாள் என்பது சேரும்போதே தெரியும். அது ஏன் அங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது ஆய்வுக்கூடத்தில், முல்லர்-லயர் பலகையின் முன்னால்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகையில் இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். ஒரு கோட்டை நகர்த்தலாம். எதிரே உட்காருபவர் இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் அதை நிறுத்த வேண்டும். பலகையின் பின்பக்கம் மில்லிமீட்டர் அளவு இருக்கும். எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று நாம் குறித்துக்கொள்வோம். ஃப்ரான்ஸ் முல்லர்-லயர் 1889-இல் வெளியிட்ட மாயத்தோற்றம் இது. விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் கண் ஏமாறும்.

என் எதிரே உட்கார்ந்த தோழி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிறுத்தினாள். நீளமாக இருப்பதைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஒரு எண், குட்டையாக இருப்பதைக் கூட்டிக்கொண்டு போனால் வேறு எண். பலகையை இடவலம் மாற்றினால் இன்னொன்று. இரண்டு திசையிலும் இரண்டு பக்கத்திலும் சம எண்ணிக்கையில் செய்யச் சொல்வது இதனால்தான். ஒரு பக்கத்துச் சாய்வை மறுபக்கத்துச் சாய்வு சரிக்கட்டும். "இதுல எது இவளோட உண்மையான அளவு மேடம்?" என்று கேட்டேன். "எல்லாமேதான். அதுக்குத்தான் சராசரி எடுக்கறோம். ஆனா சராசரியோட நிறுத்தாதே, எவ்வளவு சிதறியிருக்குன்னும் பாரு" என்றார்.

ஒருவருடைய பிழை 14, 15, 16 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு 5, 15, 25. இருவருக்கும் சராசரி 15தான். திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, முதலாமவருக்கு 1, அடுத்தவருக்கு 10. முதலாமவரின் கண் ஒரே மாதிரி ஏமாறுகிறது. இரண்டாமவர் ஒவ்வொரு தடவையும் தடவித் தடவித் தேடுகிறார். சராசரியை மட்டும் எழுதினால் இவர்கள் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்.

திட்ட விலக்கத்துக்காக விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி வகுக்கும்போது, மூன்றால் வகுக்காமல் ஏன் இரண்டால் வகுக்கிறோம் என்பதும் இதே எண்களில் தெரிந்துவிடும். சராசரியிலிருந்து விலகல்கள் −10, 0, +10. கூட்டினால் எப்போதும் பூஜ்யம். ஆக, இரண்டு விலகல் தெரிந்தால் மூன்றாவதை நாமே சொல்லிவிடலாம். சொந்தமாகத் தகவல் தருபவை இரண்டே. 100, 0, 100 கூட்டி இரண்டால் வகுத்தால் 100, அதன் வர்க்கமூலம் 10.

அப்புறம் ஒரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901–02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இதே சோதனையைச் செய்தார். ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் இதில் குறைவாகவே ஏமாந்தார்கள் என்று 1905-இல் எழுதினார். ஊட்டிக்கு எத்தனையோ பேர் போய்வருகிறோம், இது நம் பாடப்புத்தகத்தின் ஓரத்தில்கூட வருவதில்லை. வர வேண்டும்.

ஈரோடு பக்கம், சமூகப்பணி:

மேலே சொன்னவருக்குப் பலகையின் பின்னால் மில்லிமீட்டர் இருந்தது. எங்களுக்கு அந்த வசதி கிடையாது. சுய உதவிக் குழுப் பெண்களிடம் மன அழுத்தத்தை அளக்கப் போனோம். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை" 0-இலிருந்து "மிக அடிக்கடி" 4 வரை. மொத்தம் 0 முதல் 40. பத்தில் நான்கு கேள்விகள் நல்ல விதமாகக் கேட்பவை, "நினைத்தபடி காரியம் நடக்கிறதா" என்பது போல. அவற்றுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 4 என்றால் 0, 3 என்றால் 1.

முதல் ஊரிலேயே ஒரு அம்மா, "எல்லாத்துக்கும் நடுவுல போட்டுக்கோ கண்ணு, உனக்கும் வேலை சீக்கிரம் முடியும்" என்றார். அன்போடு சொன்னதுதான். ஆனால் அந்தத் தாளில் விழும் 20 என்ற எண்ணுக்கும் அவருடைய மனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மருமகளின் பதில்கள் எல்லாம் நல்லவிதமாக வரும். அதே பெண் களத்துமேட்டில் தனியாகப் பேசும்போது வேறு பதில். இதை எந்தச் சூத்திரமும் பிறகு சரிசெய்து தராது. அதனால் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்திப்பது, தாளைக் கையில் கொடுக்காமல் கேள்வியைப் பேச்சு வழக்கில் கேட்பது, "போன மாசத்துல ஒரு நாள் சொல்லுங்க" என்று ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது என்று வைத்துக்கொண்டோம். நேரம் பிடித்தது. பதில்கள் மாறின.

இப்படி வரிசைப்படுத்தி விடை கேட்கும் முறையை 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்தார். 0-க்கும் 1-க்கும் உள்ள தூரமும் 3-க்கும் 4-க்கும் உள்ள தூரமும் சமமா? அதற்கு உத்தரவாதம் இல்லை. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் அளவைகளை நான்காகப் பிரித்தார்: பெயர், வரிசை, இடைவெளி, விகிதம். ஒரு தனிக் கேள்விக்கான இந்த விடை வரிசை வகையைச் சேர்ந்தது, எது கூடுதல் எது குறைவு என்று மட்டும் சொல்லும். ஒரு கேள்விக்குப் பாதிப்பேர் 0, பாதிப்பேர் 4 என்றால் சராசரி 2 வரும், அதாவது "எப்போதாவது". அப்படி ஒருவர்கூடச் சொல்லவில்லை! அதனால் நான் முதலில் எத்தனை பேர் எந்த விடை என்று பட்டை வரைபடம் போட்டுவிடுவேன். சராசரி அதற்குப் பிறகு.

இன்னொன்று, மதிப்பெண் திருப்ப வேண்டிய கேள்விகளைச் சரிபாருங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா எதிர்பாராமல் குறைவாக வந்தால் நான் தேடும் முதல் இடம் அதுதான்.

அரசுப் பள்ளி ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்:

எங்கள் ஆசிரியர் அறையில் பல வருடமாக ஓடும் பேச்சு இது: "திட்டினாத்தான் சார் படிக்கறானுங்க. பாராட்டினா அடுத்த பரீட்சையில கவுந்துடறானுங்க." அனுபவத்தில் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், அது பொய்யில்லை. பி.எட். முடித்துப் பல காலம் கழித்து உளவியல் படித்தபோதுதான் இதற்கு வேறு விளக்கம் இருப்பது தெரிந்தது.

இரண்டு தேர்வு மதிப்பெண்களுக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு; முழுமையாகச் சேர்ந்து போனால் 1) 0.6, சிதறல் சமம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புச் சராசரியைவிட 20 குறைவாக எடுத்த பையன் அடுத்த தேர்வில் எவ்வளவு எடுப்பான்? 20 × 0.6 = 12. சராசரியைவிட 12தான் குறைவாக இருப்பான் என்று எதிர்பார்க்கலாம். யாரும் எதுவும் செய்யாமலே 8 மதிப்பெண் ஏறிவிட்டது. அதேபோல 20 கூடுதலாக எடுத்தவளுக்கு 8 இறங்கும். நடுவில் நாம் திட்டியிருந்தால் திட்டு வேலை செய்தது போலத் தெரியும், பாராட்டியிருந்தால் பாராட்டு கெடுத்தது போலத் தெரியும். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு ஃப்ரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதியது, இப்படிச் சராசரியை நோக்கித் திரும்புவதைத்தான். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களும் எங்கள் ஆசிரியர் அறைப் பேச்சையே அப்படியே பேசியதாக உளவியலாளர் டேனியல் கானமன் பதிவு செய்திருக்கிறார்.

நான் ஆசிரியர் அறையில் விவாதிக்கவில்லை. பழைய மதிப்பெண் பதிவேட்டை எடுத்து, காலாண்டில் கடைசியாக வந்த பிள்ளைகள் அரையாண்டில் எப்படி என்று பார்க்கச் சொன்னேன். பிறகு அதையே திருப்பி, அரையாண்டில் கடைசியாக வந்தவர்கள் காலாண்டில் எப்படி இருந்தார்கள் என்று. பின்னோக்கிப் பார்த்தாலும் அவர்கள் சராசரிக்கு நெருங்கியே இருந்தார்கள். டிசம்பரில் திட்டியது செப்டம்பர் மதிப்பெண்ணை எப்படி ஏற்றும்? கணக்கு ஆசிரியர் வெகுநேரம் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தனிப்பயிற்சி ஏதாவது தொடங்கினால், சமமாகப் பின்தங்கிய பிள்ளைகளில் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேருக்கு முதல் பருவத்திலும் மீதிப்பேருக்கு அடுத்த பருவத்திலும் கொடுக்கிறோம். ஒப்பிட ஆள் இருந்தால்தான் பயிற்சியின் பலன் தெரியும்.

ஆய்வு மாணவி, சென்னை:

சுருக்கமாக என் பங்கு. எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி "சிக்னிஃபிகன்ட்டா வந்துச்சா?" என்பதுதான். உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய எண் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு; அது 0.05-க்குக் கீழே போனால் சிக்னிஃபிகன்ட் என்பார்கள். 400 பேரிடம் எடுத்த தரவில் ஒட்டுறவு 0.1 வந்தாலே அது 0.05-க்குக் கீழே போய்விடும். 0.1-ஐ வர்க்கப்படுத்தினால் 0.01. ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைத்தான் அது விளக்குகிறது. 2015-இல் உளவியலின் 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காட்டில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தது, மறுபடி செய்தபோது 36 விழுக்காட்டில்தான் அப்படி வந்தது. அதைப் படித்த பிறகு நான் பி மதிப்பை மட்டும் தனியாக எழுதுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் நம்பக இடைவெளிக்கு (உண்மையான ஒட்டுறவு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீட்டுக்கு) ஒரு டிக் போட்டால் போதும். மேலே சொன்ன 0.1-க்கு அது பூஜ்யத்தை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 0.2 வரை போகும். அந்த வரியை அட்டவணையில் சேர்த்துவிடுங்கள், வைவாவில் கேட்பார்கள்.